புதுமனை புகுந்த உண்ணி

1

தம்பியின் புதுமனை புகுவிழாவில் எல்லோரும் மாட்டுக்கு முன்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் பின்னால் போய் அதன் வாலைத் தூக்கிப் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எப்படியும் வீடியோவில் இருக்கிறது.

ஏன் செய்தேன் என்று கேட்டால், யோசிக்கவில்லை என்பதுதான் பதில். பல் டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சிரிப்பவர்களின் சொத்தைப் பல்லைத்தான் பார்ப்பார். நான் ஆஸ்திரேலியாவில், மாட்டு உண்ணிகள் மருந்துக்குச் சாகின்றனவா, பழகிவிட்டனவா என்று சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாலுக்கு அடி, மடி, காது மடல் இவையெல்லாம் உண்ணி குடியிருக்கும் நல்ல ஏரியாக்கள். நாகமலை புதுக்கோட்டையில் தம்பி முருகேசன் கட்டிய வீட்டுக்குள் அந்தச் செவலைப் பசு மஞ்சளும் குங்குமமும் சலங்கையுமாக நுழைந்தது. ஐயர் மந்திரம் சொன்னார். தம்பி மனைவி மீனா சூடம் காட்டினாள். என் கை தன்பாட்டுக்கு வாலை நோக்கிப் போனது.

இருந்தது. ஆமணக்கு விதை அளவுக்கு ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி. அது மட்டுமா, ஒரு கூட்டுக் குடும்பமே.

ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அடடா, என்ன அருமையான சாம்பிள்!" என்று கத்தினேன்.

அது கைநழுவி, தம்பி ஆசை ஆசையாகப் பதித்திருந்த வெள்ளை டைல்ஸில் விழுந்தது. புது வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள் அல்லவா, அதுவும் நிதானமாக ஹாலைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியது. பெண்கள் பட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏறினார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. வேகத்தை மட்டும் கூட்டினார்.

கூட்டத்தில் சண்முகவேல் என்று ஒருவர். அலங்காநல்லூர் போகும் வழியில் இரும்புக் கடை வைத்திருப்பவர், மாடி வைத்து வீடு கட்டி முடித்திருப்பவர். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் அவர் வீட்டுக்கும் இதே மாடுதான் வருவதாக இருந்தது. அவர் மாட்டுக்காரரைப் பார்த்து, "யோவ் பாண்டி, இதையா எனக்குப் பேசி வச்சிருக்க? என் வீட்டுப் படிய இந்த மாடு மிதிக்கக் கூடாது, ஆமா" என்றார்.

2

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் எனக்கு இருபது ஆண்டு நிறைவு என்று கேக் வெட்டினார்கள். கேக் உண்ணி வடிவத்தில் இருந்தது. எட்டுக் கால்களும் சாக்லேட். ஒரு கால் எனக்கு. அதைத் தின்றுகொண்டிருந்தபோதுதான், ஊரில் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

என் அன்றாடம் உங்களுக்குப் புரிய வேண்டும். காலையில் தபால் வரும். மற்ற அலுவலகங்களுக்குக் கடிதம் வரும். எங்களுக்கு உயிருள்ள உண்ணிகள் வரும், காற்று போகும் டப்பாக்களில், பண்ணைக்காரர்களின் அன்பான விசாரிப்புகளோடு. அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பிரிப்போம். ஒரு கூட்டத்தை மருந்தில் முக்குவோம், இன்னொரு கூட்டத்தை வெறும் தண்ணீரில். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து டேப்பில் ஒட்டி, சூடும் ஈரமும் உள்ள பெட்டியில் ஒரு வாரம் வைப்போம். மருந்தில் முங்கியவையும் தண்ணீரில் முங்கியவை போலவே முட்டை வைத்தால், அந்த மருந்தின் கதை முடிந்தது. இவ்வளவுதான் என் விஞ்ஞானம். இதற்கு நான் ஆறு வருடம் படித்தேன்.

முதல் வருடம் ஒரு பண்ணைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து, "உங்கள் உண்ணிகள் எல்லாம் எக்ஸ்பயர்ட்" என்றேன். மதுரையில் ஆங்கிலத்தில் கௌரவமாகச் சாக வேறு வழி கிடையாது. அவரோ உண்ணிகளுக்குத் தேதி முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, புதிதாக ஒரு டப்பா அனுப்பி வைத்தார்.

இந்த நாட்டில் உண்ணி உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. மாடு அதைத் தாண்ட வேண்டுமானால் ஆள் வந்து உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பார். நான் குடியேறியபோது என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார்கள். மாட்டுக்கு ஆங்கிலத் தேர்வு மட்டும் வைப்பதில்லை.

3

விழா முடிந்து, பாண்டி மாட்டைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள், முப்பத்தைந்து இருக்கும். நான் அருகில் போனேன்.

"ஏண்ணே, ஒங்களுக்கும் எனக்கும் எதும் பழைய பகை உண்டா?"

"இல்லையே பாண்டி."

"அப்பறம் ஏண்ணே வாலத் தூக்குனீங்க?"

அவன் ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மானாவாரிச் சீமை என்பதால் மழை ஏமாற்றினால் இந்த மாடுதான் அவன் வீட்டு அடுப்பை எரிக்கிறது. முகூர்த்த நாள்களில் ஒரே காலையில் இரண்டு மூன்று வீடுகள் ஏறி இறங்குமாம். "ஆவணி முடிஞ்சா புரட்டாசி. ஒருத்தரும் புது வீட்டுக்குப் போகமாட்டாக. சம்முகவேல் அண்ணே வேண்டாம்னுட்டா, அவரக் கேட்டு மாட்டப் பேசி வச்சவுக அம்புட்டுப் பேரும் வேண்டாம்பாக. சந்தையில கொண்டுபோயிக் கட்டிர வேண்டியதுதான், வேற என்ன பண்ண?"

மாடு என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்வையில் மன்னிப்பு இல்லை.

"மருந்து அடிக்கிறதில்லையா?"

"அடிக்காம? ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மொத நாளு சாயங்காலம் அடிக்கிறேன். முன்னயெல்லாம் பொலபொலன்னு கொட்டும். இப்ப மருந்தடிச்சா, குத்தாலத்துல குளிச்சுட்டு வந்த மாதிரி தெம்பா இருக்குதுக."

எனக்குள்ளே உறங்கிக்கொண்டிருந்த ஆய்வகக்காரன் விழித்துக்கொண்டான். "கலக்குறது தப்பா இருக்கும். தண்ணிக்கு எத்தன மூடி ஊத்துற?"

"வாளிக்கு ஒரு மூடி."

"எவ்வளவு பெரிய வாளி?"

"பெரிய வாளிண்ணே."

"பாத்தியா? மருந்துமேல தப்பில்ல, ஒம்மேலதான்" என்றேன். குரலில் என்ன ஒரு தெளிவு! பண்ணைக்காரர்களுக்கு இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய தெளிவு. அதே உற்சாகத்தில் பாண்டியையும் கூட்டிக்கொண்டு சண்முகவேலின் கடைக்கும் போய், நான் யார், என்ன வேலை என்றெல்லாம் சொல்லாமல் ஒரு பந்தயம் மட்டும் பேசிவிட்டு வந்தேன்: விழாவுக்கு முந்தின நாள் அவரே வந்து மாட்டைச் சோதிக்கலாம். ஒரு உயிருள்ள உண்ணி இருந்தாலும் மாடு வேண்டாம். இல்லையென்றால் பாண்டியின் மாடுதான் படியேறும்.

"இருந்துச்சுன்னா?" என்றார்.

"இருக்காது."

வெளியே வந்தபோது பாண்டி கேட்டான். "அண்ணே, எந்த மருந்து கேக்கும்னு தெரியுமா?"

தெரியாது. அதுதான் உண்மை. கலவை தப்பா, உண்ணி பழகிவிட்டதா என்று சோதிக்காமல் யாருக்கும் தெரியாது.

4

மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஒரு இளம்பெண். நான் சொன்னதைக் கேட்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கடை மருந்து கேக்கலன்னு நெறயப் பேரு சொல்றாங்க சார். சந்தேகம் இருக்கு, சோதிச்சுப் பாக்கத்தான் நேரமில்ல. நீங்க செய்யுங்க. முடிவ எனக்கும் சொல்லுங்க." இன்னொரு வகை மருந்தையும் அளவு சொல்லிக் கொடுத்தார். மாடு பால் வற்றிய மாடு என்பதால் பாலைப் பற்றிய கவலை இல்லை என்றார்.

ஆக, ஆய்வகம் வேண்டும். தம்பியின் புது வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. மீனாவிடம் மூன்று ஹாட் பாக்ஸ் கேட்டேன். தாய்வீட்டுச் சீராக வந்தவை, இன்னும் ஸ்டிக்கர் உரிக்காதவை.

"எதுக்கு மாமா?"

"கொஞ்சம்... வெதுவெதுப்பா வைக்கணும்."

"இட்லியா?"

நான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ஆனால் கொடுத்தாள். கணவனின் அண்ணனுக்கு இல்லையென்று சொல்லும் பழக்கம் இன்னும் எங்கள் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் அந்த வீட்டுக்கு நல்லது.

விடிகாலையில் பாண்டியின் தொழுவத்தில் மாட்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து, உப்பிய உண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினோம். மூன்று கூட்டம். ஒன்று கடை மருந்தில், சரியான அளவில். ஒன்று புது மருந்தில். ஒன்று தண்ணீரில். டேப்பில் வரிசையாக மல்லாத்தி ஒட்டி, ஈரத்துணி போட்டு மூடி, ஒவ்வொரு ஹாட் பாக்ஸின் மேலும் கொட்டை எழுத்தில் எழுதினேன்: கடை மருந்து. புது மருந்து. வெறும் தண்ணி.

அன்றிரவு மகள் யாழினி காணொளி அழைப்பில் வந்தாள். அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் பள்ளியும் வேலையும் இருந்ததால் நான் மட்டும்தான் ஊருக்கு வந்திருந்தேன். பதினாறு வயது. உறவுக்காரர்களிடம் போனில் மரியாதையாகப் பேசப் பழகியே தமிழ் கற்றவள். அவள் தமிழில் மரியாதை இல்லாத வடிவமே கிடையாது. பெட்டியைக் காட்டினேன்.

"அப்பா, அவங்க எல்லாம் ஏன் படுத்திருக்காங்க?"

"முட்டை வைக்கிறாங்களான்னு பாக்கணும்மா."

"பாவம், லைட் ஆஃப் பண்ணுங்க. தூங்கட்டும்."

தாய்மொழி பிள்ளைகளிடமிருந்து நழுவுகிறது என்று இங்கே ஆஸ்திரேலியாவில் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் நாங்கள் கவலைப்படுவோம். என் வீட்டில் அது உண்ணிக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நழுவுகிறது.

5

ஒரு வாரம் கழித்து முருகேசன், மீனா, பாண்டி எல்லோரையும் நிற்க வைத்துப் பெட்டிகளைத் திறந்தேன். நியாயமாகத் தண்ணீர்ப் பெட்டியில் முட்டை குவிந்திருக்க வேண்டும்.

கடை மருந்துப் பெட்டியில் முட்டை. வறுத்த கசகசாவைக் கொட்டியது போலப் பழுப்பாக, மினுமினுவென்று. புது மருந்தில் ஒன்றுமில்லை. தண்ணீர்ப் பெட்டியைத் திறந்தால், அத்தனையும் சுருண்டு செத்துக் கிடந்தன.

மருந்தில் முங்கியவை முட்டை வைக்கின்றன, தண்ணீரில் முங்கியவை சாகின்றன! இருபது வருட அனுபவம் ஒரு நொடியில் தலைகீழானது. பாண்டி மெதுவாக, "அண்ணே, அப்ப மாட்டத் தண்ணியில குளிப்பாட்டுனாப் போதுமா?" என்றான்.

அப்போதுதான் வாடை அடித்தது. பெட்டியின் மூலையில் வெள்ளையாக நாலு உருண்டைகள்.

"மீனா, இதுல யாரும்மா கை வச்சது?"

"நாந்தான் மாமா. மத்த ரெண்டுலயும் மருந்துன்னு போட்டிருக்கு. இதுல மட்டும் வெறும் தண்ணின்னு போட்டிருந்துச்சு. மருந்து ஊத்த மறந்துட்டீங்களாக்கும், ராத்திரி எந்திரிச்சு வந்துருமேன்னு நாலு அந்துருண்டையப் போட்டு இறுக்கி மூடுனேன்."

"அதுகளச் சாகடிக்காம வச்சிருக்கணும்மா. அதோட ஒப்பிட்டுத்தான் மத்ததப் பாக்கணும்."

"பூச்சிய வீட்டுக்குள்ள கொண்டாந்து, அதுல ஒரு கூட்டத்தச் சாகாமப் பாத்துக்கிறதா? நல்ல படிப்பு மாமா."

முருகேசன் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பாண்டி சிரிக்கவில்லை. அவன் நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை செய்ய இன்னொரு வாரம் வேண்டும். பெரிய உண்ணிகளை ஏற்கெனவே பொறுக்கிவிட்டோம். சின்னவை உப்பும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு மருந்தடிக்க நாள் வேண்டும். "கடை மருந்துல முட்ட வச்சிருச்சே, அது போதாதாண்ணே?" என்றான்.

போதாது. தண்ணீர்க் கூட்டம் பிழைத்திருந்தால்தான் பெட்டியின் சூடோ ஈரமோ கொல்லவில்லை, மருந்துதான் கொன்றது என்று சொல்லலாம். புது மருந்துப் பெட்டிக்கும் அந்த உருண்டையின் வாடை போயிருக்கலாம். தப்பான மருந்தை அடித்துவிட்டு சண்முகவேலின் முன்னால் நிற்க நான் தயாரில்லை. அதைவிட, பாண்டி நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

6

இங்கே கொஞ்சம் தாவிச் செல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் ஒரு அட்டையை நிரப்பச் சொன்னார்கள். கடந்த ஒரு மாதத்தில் பண்ணை விலங்குகளோடு தொடர்பு உண்டா என்று ஒரு கேள்வி. உண்மை பேசும் ஆள் என்பதால் 'ஆம்' என்று குறித்தேன். அதிகாரி என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

"எங்கே தொடர்பு?"

"என் தம்பி வீட்டு ஹாலில்."

"மாடு எப்படி வீட்டுக்குள் வந்தது?"

"அழைத்திருந்தோம்."

"வேறு எங்காவது?"

"அதற்கு அடியில் படுத்திருந்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பெட்டியில் இருந்த ஒவ்வொரு சட்டையும் விரிக்கப்பட்டது. என் ஷூக்களைத் தேய்த்துக் கழுவி, வாங்கிய நாளைவிடப் புதிதாகத் திருப்பிக் கொடுத்தார்கள். "தொழில்?" என்று கடைசியாகக் கேட்டார். "உண்ணி ஆய்வு" என்றேன். "அப்படியானால் விடுமுறையில் என்ன செய்தீர்கள்?" என்றார். அந்தக் கேள்விக்கு அட்டையில் கட்டம் இல்லை.

7

இரண்டாவது சோதனைக்கு மீனாவே காவல். தண்ணீர்ப் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று வீடு பெருக்க வருபவரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தாள். ஆறாம் நாள் காலை மாடியிலிருந்து அவள் குரல்:

"மாமா! ஓடியாங்க! தண்ணி டப்பாவுல முட்ட வச்சிருச்சு!"

பேறுகால ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷம். நானும் வேட்டியை மடித்துக் கட்டியும் கட்டாமலும் ஓடினேன். கடை மருந்துப் பெட்டியிலும் அதே போல, அதே அளவு முட்டை. புது மருந்துப் பெட்டியில் ஒன்றுகூட இல்லை. மருந்தையும் தண்ணீரையும் அந்த உண்ணிகள் வித்தியாசமாகவே கருதவில்லை. நான் மீனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முருகேசன் டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டரின் "அப்படியா சார்!" என்ற கத்தல் ஸ்பீக்கர் இல்லாமலே அறை முழுக்கக் கேட்டது.

பாண்டி மட்டும், "அப்ப நான் கலக்குனது தப்பில்லையாண்ணே?" என்றான்.

"தப்புத்தான். ஆனா சரியாக் கலக்கியிருந்தாலும் செத்திருக்காது. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பிறகுதான் மற்றதும் வெளியே வந்தது. சாயங்காலம் மருந்தடிப்பான்; விடிகாலை மூன்று மணிக்கு ஷாம்பூ போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி மஞ்சள் பூசுவான். "மருந்து வாடையோட சாமி மாட்ட எப்பிடிண்ணே வீட்டுக்குள்ள ஏத்துறது?" என்றான். அரைகுறை மருந்தில் சொங்கி உண்ணிகள் செத்தன, தெம்பானவை பிழைத்தன, அவற்றின் பிள்ளைகள் அதைவிடத் தெம்பாகப் பிறந்தன. ஒவ்வொரு முகூர்த்தமும் அவற்றுக்கு ஒரு உடற்பயிற்சி வகுப்பு. மதுரைச் சுற்றுவட்டாரப் புது வீடுகளின் புண்ணியத்தில் வளர்ந்த பயில்வான்கள்.

புது மருந்தை டாக்டர் சொன்ன அளவில் அடித்தோம். இரண்டு நாள் தண்ணீர் படக் கூடாது. பாண்டியின் கை அந்த இரண்டு நாளும் ஷாம்பூப் பாட்டிலைத் தேடித் தவித்ததைப் பார்த்தால் பாவமாக இருந்தது. மூன்றாம் நாள் மாலை, விழாவுக்கு முந்தின நாள், சண்முகவேல் செல்போன் டார்ச்சோடு வந்து இறங்கினார்.

காதைத் திருப்பினார். கழுத்தில் தொங்கும் சதையை விரித்தார். மடியைக் குனிந்து பார்த்தார். இறுதியில் வாலைத் தூக்கினார். நான் தூக்கியதைவிட உயரமாக.

"இந்தா இருக்கு!"

பாண்டி கண்ணை மூடிக்கொண்டான். நான் போய்ப் பார்த்தேன். ஒரு உண்ணி; காய்ந்து, தட்டையாகி, கறுத்து. கிள்ளி எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "செத்தது."

அவர் டார்ச்சை அதன்மேல் அடித்தார். ஊதினார். விரலால் புரட்டினார். "செத்துருச்சா, நடிக்கிதா?"

"நடிக்காது சார்."

இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது நடிக்கவில்லை என்பது உறுதியானதும், "காலையில நாலரைக்கெல்லாம் மாடு வாசல்ல நிக்கணும்" என்றார். பாண்டி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். என் எடைக்கு அது பெரிய காரியம்.

மறுநாள் மாடு சலங்கை குலுங்க அந்தப் பளிங்குப் படியில் ஏறியது. கயிற்றின் மறுமுனையைச் சந்தோஷத்தில் நானும் பிடித்திருந்தேன். ஒருவரும் நாற்காலியில் ஏறவில்லை. வாசலிலேயே இரண்டு பேர் பாண்டியை மடக்கி ஐப்பசி முகூர்த்தத்துக்குப் பேசினார்கள்.

பந்தியில் சண்முகவேல் என் இலைக்கு எதிரே வந்து நின்று விசாரித்தார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவருக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியா, ஆய்வகம், தபாலில் வரும் டப்பாக்கள், டேப், முட்டை, இருபது வருடம் என்று எல்லாவற்றையும் சாம்பார் ஆறும்வரை விரித்துச் சொன்னேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பரிமாறுபவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, சாருக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்து. பாவம், ஆஸ்திரேலியா வரைக்கும் போயும் மாட்டுல உண்ணி பாக்குற வேலதான் கெடச்சிருக்கு."